விமானத்துக்குள் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்தால் எல்லாரும் வெளியே பறந்துவிடுவார்களா?

பெருந்துறையில் மாமா வீடு. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு மூலையில் சரிந்து கிடந்தோம். டிவியில் 'எக்ஸிகியூட்டிவ் டிசிஷன்' ஓடிக்கொண்டிருந்தது. 1996-ல் வந்த படம், கர்ட் ரஸ்ஸல் நடித்தது. பறந்துகொண்டிருக்கும் ஜம்போ ஜெட் ஒன்றைத் தீவிரவாதிகள் கடத்திவிடுகிறார்கள். ஒரு கமாண்டோ கூட்டம் இன்னொரு ரகசிய விமானத்தில் துரத்திக்கொண்டு போய், ஜம்போவின் வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, நடுவானத்தில் ஒரு குழாய் வழியாக உள்ளே ஏறுகிறது. குழாய் பிய்ந்து, ஸ்டீவன் சீகல் முதல் பாதியிலேயே போய்ச் சேர்கிறார். அவருக்காகப் படம் பார்க்க உட்கார்ந்தவர்கள் பாவம்.

மாமா தறி ஓட்டுகிறவர். எந்தப் படம் ஓடினாலும் கூடவே உரையும் ஓட்டுவார். "இதுல எவனாச்சும் துப்பாக்கியத் தொட்டான்னா அவ்ளோதான் மாப்ளே. ஒரே ஒரு குண்டு செவுத்துல பட்டுச்சுன்னா போதும், அத்தன பேரையும் காத்து வெளிய உறிஞ்சிப் போடும்" என்றார். இன்ஜினியரிங் படிக்கிற அவர் பையனும் தலையாட்டினான். "அப்படியெல்லாம் ஆகாதுங் மாமா" என்று நான் வாயைத் திறந்ததுதான் தப்பு, சாயங்காலம் வரைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நல்லவேளை, சமையல்கட்டில் அத்தையின் குக்கர் இருந்தது. அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியதுதான் இது. இதைப் பற்றிச் சினிமா பார்த்துச் சினிமா பார்த்தே நம்மில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறோம்.

ஊட்டி போகும் சிப்ஸ் பாக்கெட்

காற்றுக்கு எடை உண்டு. நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று குவிந்து கிடக்கிறது, அது மொத்தமும் நம்மை அழுத்துகிறது. சுண்டுவிரல் நகம் அளவு இடத்தின் மேல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல், ஏறக்குறைய ஒரு கிலோ. இதைத்தான் காற்றழுத்தம் என்கிறோம். நாம் ஏன் நசுங்கவில்லை என்றால், உடம்புக்குள்ளேயிருந்தும் அதே அளவு அழுத்தம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சமம், அதனால் ஒன்றும் தெரிவதில்லை.

உயரம் ஏற ஏற, தலைக்கு மேல் மிச்சமிருக்கும் காற்று குறைகிறது. அழுத்தமும் குறைகிறது. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், மேட்டுப்பாளையத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினால் போதும். பர்லியாறு தாண்டும்போது காது அடைக்கும். ஊட்டி போய் இறங்கிப் பார்த்தால் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருக்கும். யாரும் அதற்குள் காற்று அடிக்கவில்லை. உள்ளே இருப்பது கீழே அடைத்த காற்று, அது பழைய வேகத்திலேயே வெளிப்பக்கம் தள்ளுகிறது. வெளியே இருந்து அமுக்குவது மட்டும் குறைந்துவிட்டது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். பயணிகள் விமானம் பறக்கும் 35,000 அடியில், அதாவது பத்தரைக் கிலோமீட்டருக்கும் மேலே, கால் பங்குகூட இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஊட்டியில் முக்கால், விமானம் போகும் உயரத்தில் கால்.

விமானம் ஒரு குக்கர்தான், ஆனால் மூடாத குக்கர்

கால் பங்கு அழுத்தத்தில் மனிதனால் சுவாசித்து உயிரோடு இருக்க முடியாது. அதனால் விமானத்துக்குள் காற்றை அமுக்கி அடைக்கிறார்கள். பெரும்பாலான ஜெட் விமானங்களில், இன்ஜின் உறிஞ்சி அமுக்கும் காற்றில் ஒரு பகுதியை எடுத்துக் குளிரவைத்துப் பயணிகள் இருக்கும் இடத்துக்குள் அனுப்புகிறார்கள். இப்படி உள்ளே காப்பாற்றி வைத்திருக்கும் அழுத்தத்துக்குப் பெயர்தான் கேபின் பிரஷர்.

ஆனால் கோயமுத்தூரில் இருக்கிற அழுத்தத்தையே அப்படியே மேலேயும் வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க விமானத்தின் உடம்பைத் தடிமனாகச் செய்ய வேண்டும், எடை ஏறிவிடும். அதனால் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி விட்டுக்கொடுக்கிறார்கள். 8,000 அடி என்பது ஏறக்குறைய 2,440 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆக, பீளமேட்டில் ஏறி டெல்லி போகிற ஆள், காற்றழுத்தக் கணக்கில் பார்த்தால், வழியெல்லாம் ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் நடுவில் எங்கோதான் உட்கார்ந்திருக்கிறார். போயிங் 787 போன்ற புது விமானங்களில் இதை 6,000 அடிக்கு இறக்கியிருக்கிறார்கள், அது குன்னூர். காது அடைப்பதற்கும், விமானத்தில் கொடுக்கும் தயிர் டப்பா மூடி உப்பியிருப்பதற்கும் காரணம் இதுதான்.

உள்ளே முக்கால், வெளியே கால். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அழுத்த வேறுபாடு. அது ஏறக்குறைய அரைப் பங்கு, சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஐந்து டன். விமானத்தின் சுவர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஐந்து டன்னை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு பறக்கிறது.

இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிற இடம் வருகிறது. விமானம் காற்றுப் போகாமல் இறுக்கி மூடிய டப்பா என்று நினைக்கிறோம், பலூன் மாதிரி. அப்படியில்லை. அதில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. வேண்டுமென்றே வைத்த ஓட்டை, பெரும்பாலும் வால் பக்கம். பெயர் அவுட்ஃப்ளோ வால்வு, வெளியேற்றும் வால்வு. முன்னாலிருந்து காற்று கொட்டிக்கொண்டே இருக்கிறது, பின்னால் இந்த வால்வு வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. வால்வை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்பதை வைத்துத்தான் உள்ளே அழுத்தம் நிலையாக நிற்கிறது. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேபினில் இருக்கும் காற்று முழுக்க மாறிவிடுகிறது.

மாமாவுக்கு இதைத் தோட்டத்துத் தண்ணீர்த்தொட்டியை வைத்துச் சொன்னேன். மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் விழுகிறது, கீழே குழாய் பாதி திறந்து கிடக்கிறது. வருவதும் போவதும் சரியாக இருப்பதால் தொட்டியில் மட்டம் அப்படியே நிற்கிறது. இப்போது யாரோ ஒரு பையன் ஆணி வைத்துத் தொட்டியில் ஓட்டை போட்டுவிட்டான். நீங்கள் என்ன செய்வீர்கள்? "குழாயக் கொஞ்சம் மூடுவேன்" என்றார். அவ்வளவுதான், பைலட் செய்வதும் அதுவே. பெரும்பாலும் அவர்கூடச் செய்ய வேண்டியதில்லை, தானாக நடக்கும்.

சரி, அந்தக் குண்டு

9 மில்லிமீட்டர் துப்பாக்கிக் குண்டு போடும் ஓட்டையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு, 0.64. அதன் மேல் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ என்றால், அந்த ஓட்டை உங்களை இழுக்கும் விசை முந்நூறு கிராம் சொச்சம். உள்ளங்கையை வைத்தால் பச்சக்கென்று ஒட்டும், இழுத்தால் வந்துவிடும். விசிலடிக்கிற மாதிரி சத்தம் வரும், பக்கத்தில் காகிதம் இருந்தால் போய் அடைத்துக்கொள்ளும். பின்னால் வால்வு சற்று மூடிக்கொள்ளும். விமானம் பாட்டுக்குப் போகும்.

குண்டால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அது சுவரைவிட முதலில் ஆளைத் துளைக்கும், ஒயரைத் துளைக்கும், போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். ஓட்டை வழியாக முந்நூறு பேர் பறப்பது மட்டும் நடக்காது.

இன்னொன்று. பெரிய ஓட்டையே விழுந்தாலும், உறிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும் வரைதான் காற்று ஓடும், சமமானதும் நின்றுவிடும். ஓட்டை பெரிதாக இருந்தால் சில விநாடிகளிலேயே வேலை முடிந்துவிடும், சைக்கிள் டியூப் வெடித்த மாதிரி. அதற்கப்புறம் இருப்பது வெளியே அடிக்கும் எதிர்க்காற்று, அது பயங்கரமானதுதான், ஆனால் அது உறிஞ்சுவதில்லை. சினிமாவிலோ ஹீரோ பத்து நிமிஷம் சீட்டைப் பிடித்துக்கொண்டு கால் ஆகாயத்தில் ஆட வசனம் பேசுகிறார்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துச் சொன்னால்: விமானம் ஓட்டையோடுதான் பறக்கிறது, ஓட்டை இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. உள்ளே வரும் காற்று ஈடுகட்ட முடியாத அளவுக்கு அது பெரிய ஓட்டையா என்பதுதான் கேள்வி.

துணி கிழிகிற கணக்கு

அப்படியென்றால் விமானக் கூரை பிய்ந்து போன செய்தியெல்லாம் பொய்யா என்று மாமா பையன் கேட்டான். நல்ல கேள்வி. பொய்யில்லை.

ஈரோட்டில் ஜவுளிக்கடைக்குப் போனால் பார்க்கலாம். இரண்டு மீட்டர் துணி கேட்டால், கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் ஒரே ஒரு வெட்டு வைப்பார், அப்புறம் இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழிப்பார். அந்தச் சின்ன வெட்டு இல்லாமல் எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. உலோகத் தகடும் இப்படித்தான். ஒவ்வொரு முறை விமானம் மேலே ஏறும்போதும் உடம்பு சற்று உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான தடவை இப்படி ஆனால், ஏதோ ஒரு பலவீனமான இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. அந்த விரிசல்தான் கத்தரி வெட்டு.

முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1954-ல் ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என நடுவானில் உடைந்து விழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, ஜன்னல் மாதிரி வெட்டிய இடங்களின் மூலைகளில் விரிசல் தொடங்கியிருந்தது தெரிந்தது. மூலை என்றாலே இழுவிசை அங்கே போய்க் குவியும். இன்றைக்கு விமான ஜன்னலில் கூர்மையான மூலையை நீங்கள் பார்க்கவே முடியாததற்குப் பின்னால் அந்த விபத்துகள் இருக்கின்றன. கூடவே, உடம்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக வரிச்சட்டங்கள் கொடுத்து, கிழிசல் ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். சேலைக்கு ஓரம் அடிப்பது போல.

அதையும் மீறி நடந்ததுதான் 1988 ஏப்ரல் 28, ஹவாய். 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கிய ஒரு போயிங் 737. 24,000 அடியில் முன்பக்கக் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பயணிகள் திறந்த ஜீப்பில் உட்கார்ந்த மாதிரி ஆகாயத்தில். நின்றுகொண்டு வேலை செய்த ஒரு விமானப் பணிப்பெண் மட்டும் தூக்கி வீசப்பட்டு இறந்தார். சீட் பெல்ட் போட்டிருந்த அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் 16,000 அடியில் கதவு அளவு பேனல் ஒன்று பிய்ந்தபோது ஒருவர்கூடச் சாகவில்லை. பறக்கிற நேரம் முழுக்க பெல்ட்டைப் போட்டுக்கொண்டே இருங்கள் என்று விமானப் பணியாளர்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.

எனக்குப் பிடித்த, சொன்னால் யாரும் நம்பாத சம்பவம் 1990-ல் இங்கிலாந்தில் நடந்தது. 17,000 அடிக்கு மேலே பைலட்டுக்கு முன்னால் இருந்த கண்ணாடி கழன்று போய்விட்டது. கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டு விமானத்தின் மேல் மல்லாந்து கிடந்தார். பணியாளர்கள் மாறி மாறி அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை பைலட் விமானத்தை இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார்! காரணம் என்ன தெரியுமா? கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்பு கண்ணாடி மாற்றியவர் போட்ட 90 போல்ட்டில் 84 போல்ட் சற்று மெல்லியவை. கோவை கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கையில் இருந்த போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளியே விழுவதைவிடப் பெரிய ஆபத்து

ஹாலிவுட் காட்டாத விஷயம் இது. காட்டினால் சண்டைக்காட்சி எடுக்க முடியாது.

அழுத்தம் போய்விட்டால் முதலில் போவது அறிவு. 35,000 அடியில் ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமல் ஒரு மனிதன் தெளிவாக யோசித்து ஏதாவது செய்யக்கூடிய நேரம் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். அப்புறம் உயிர் இருக்கும், ஆனால் குடித்தவர் மாதிரி ஆகிவிடுவார், சிரிப்பார், மாஸ்க் கையில் இருந்தும் போடத் தோன்றாது, பிறகு மயங்கிவிடுவார். உடம்புக்கு ஆக்சிஜன் போதாமல் போகும் இந்த நிலைக்கு ஹைப்பாக்ஸியா என்று பெயர். வலியே இருக்காது, அதுதான் இதன் கொடுமை. பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குப் போடும் முன் உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது சுயநலம் இல்லை, முப்பது விநாடிக் கணக்கு.

மேலேயிருந்து விழும் மாஸ்க் பெரும்பாலும் 12 முதல் 15 நிமிஷம் வரைதான் வரும். அது போதும், ஏனென்றால் அதற்குள் பைலட் விமானத்தைச் செங்குத்தாக இறக்குகிற மாதிரி இறக்கி 10,000 அடிக்குக் கொண்டுவந்துவிடுவார். பத்தாயிரம் அடி என்பது தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் உயரம், அங்கே மாஸ்க் இல்லாமல் சமாளிக்கலாம்.

2005 ஆகஸ்ட் 14-ம் தேதி சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் 737 விமானத்தில் ஒரு ஓட்டையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பராமரிப்புக்குப் பின் பிரஷர் சுவிட்சு தானியங்கி நிலைக்குத் திரும்ப வைக்கப்படவில்லை. அவ்வளவுதான். மேலே ஏற ஏறக் காற்று மெல்ல வெளியேறியது. அபாய மணி அடித்தது, பைலட்டுகள் அதை வேறு கோளாறு என்று நினைத்துக் குழம்பினார்கள், பிறகு மயங்கினார்கள். ஆட்டோ பைலட் ஏதென்ஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வட்டமடித்தது. என்ன ஆயிற்றென்று பார்க்கப் போன போர்விமானங்களின் பைலட்டுகள், துணை பைலட் இருக்கையில் சரிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். கடைசியில் எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

நம் ஊரிலும் சின்ன அளவில் நடந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய விமானத்தில் பிரஷர் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். முப்பது பேர் வரை மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்து, மும்பைக்கே திரும்பினார்கள்.

சூலூர் விமானப்படைத் தளத்தில் பறக்கிற தேஜஸ் பைலட்டுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், எப்போதும் முகத்தில் மாஸ்க். அது ஸ்டைலுக்கு இல்லை. போர்விமானத்தில் கேபின் பிரஷர் பயணிகள் விமானத்தில் வைப்பதைவிடக் குறைவு, அதனால் தொடக்கத்திலிருந்தே மாஸ்க்கில்தான் சுவாசம்.

ஆக, கூரை பிய்வது அபூர்வம், அதிலும் பெல்ட் போட்டவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். சத்தமில்லாமல் அழுத்தம் இறங்குவதுதான் ஆளைக் கொல்கிறது.

அத்தையின் குக்கரும் விமானக் கதவும்

நடுவானத்தில் ஒரு பயணி கதவைத் திறக்கப் போனார் என்று அடிக்கடி செய்தி வரும், எல்லாரும் பதறுவோம். பறக்கிற உயரத்தில் அவரால் திறக்கவே முடியாது. பூட்டு காரணமில்லை, காற்றுதான் காரணம்.

அத்தை வைத்திருப்பது ஹாக்கின்ஸ் வகைக் குக்கர், மூடியைச் சாய்த்து உள்ளே விட்டுத் திருப்பி மேலே இழுத்து மாட்டுவது. உள்ளே ஆவி ஏற ஏற அது மூடியை விளிம்போடு சேர்த்து அமுக்கும். ஆவி அடங்காமல் பயில்வான் வந்தாலும் திறக்க முடியாது. பெரும்பாலான விமானங்களில் பயணிகள் கதவு இதே தத்துவம்தான், பெயர் பிளக் டோர், அடைப்புக் கதவு. கதவு சட்டத்துக்கு உட்பக்கமாக உட்கார்ந்திருக்கும், திறக்க முதலில் சற்று உள்ளே இழுக்கவோ மேலே தூக்கவோ வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதை விடாது. கதவின் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால் எட்டு ஒன்பது டன். ஆறு சக்கர லாரியின் முழுச் சரக்கு அந்தக் கதவில் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்பவானி வாய்க்கால் மதகைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் சுலபம்: ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் முட்டி நிற்கும்போது ஷட்டர் அசையாது, இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானால் லேசாக வரும்.

வெளிப்பக்கம் திறக்கும் சரக்குக் கதவுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, கொக்கியை மட்டுமே நம்பி நிற்க வேண்டும். 1974-ல் பாரிஸ் அருகே ஒரு டிசி-10 விமானத்தில் அந்தக் கதவு பிய்ந்துபோனதால் 346 பேர் இறந்தார்கள்.

தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கதை வேறு. 2023 மே மாதம் தென்கொரியாவில், இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் ஒரு பயணி கதவைத் திறந்தேவிட்டார். அப்போது உயரம் சுமார் 700 அடிதான், உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய சமம். கதவு திறந்தபடியே இறங்கியது, யாரும் வெளியே விழவில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்த ஒரு கடத்தல்காரன், 1971 நவம்பரில் அமெரிக்காவில் டி.பி. கூப்பர் என்று செய்திகளில் பெயர் பெற்றவன். பணம் 2 லட்சம் டாலர், பாராசூட் நான்கு, கூடவே ஒரு நிபந்தனை: 10,000 அடிக்கு மேல் பறக்கக் கூடாது. அந்த உயரத்தில் உள்ளே அழுத்தம் ஏற்ற வேண்டியதில்லை, ஆகவே போயிங் 727-ன் பின்பக்கப் படிக்கட்டைப் பறக்கும்போதே இறக்கிக் குதித்துவிட்டான். இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வகை விமானங்களில், பறக்கும்போது எதிர்க்காற்றில் தானாகத் திரும்பிப் படிக்கட்டைத் திறக்கவிடாமல் பிடிக்கும் ஒரு சின்னத் தகட்டை மாட்டினார்கள். அதன் பெயரும் கூப்பர் தகடுதான், கள்ளன் பெயரிலேயே.

அந்தக் குழாய்

இப்போது படத்துக்கு வருவோம். குழாய் வழியாகக் கமாண்டோ ஏறுவது முடியுமா?

எண்ணம் ஒன்றும் முட்டாள்தனமில்லை. குழாய்க்குள்ளும் காற்றை நிரப்பி, ஜம்போவின் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக்கிவிட்டால், மதகு கணக்குப்படி நடுவில் இருக்கும் கதவு லேசாகத் திறந்துவிடும். விண்வெளி நிலையத்தில் வந்து சேரும் கலங்கள் கதவைத் திறக்கும் முன் இதைத்தான் செய்கின்றன. படம் எடுத்தவர்கள் இந்த அளவுக்காவது யோசித்ததே பெரிது.

சிக்கல், விண்வெளியில் காற்றில்லை, இங்கே மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அறைகிறது. பெரிய விமானத்தின் அடியில் ஓடும் காற்று கொந்தளிப்பானது, பக்கத்தில் வரும் சின்ன விமானத்தை இழுத்தும் தள்ளியும் விளையாடும். நடுவானில் பெட்ரோல் நிரப்புவது நடக்கிறதே என்பீர்கள். நம் விமானப்படையே இல்யூஷின்-78 விமானங்களை வைத்துச் செய்கிறது. ஆனால் அதில் இணைப்பது வளைந்து கொடுக்கிற ஒரு மெல்லிய குழாய், பிடுங்கிக்கொண்டால் ஒன்றும் ஆகாது, இரண்டு பைலட்டும் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள். ஆள் நுழையும் அகலத்தில் ஒரு குழாய், அதன் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் உள்ளேயிருந்து ஐந்து டன் தள்ள, வெளியே புயல் அடிக்க, மேலே ஜம்போ ஓட்டுகிற ஆளுக்கு விஷயமே தெரியாது. சீகல் போனதில் ஆச்சரியமில்லை. கடத்தப்பட்ட பயணிகள் விமானத்துக்குள் இப்படி நடுவானில் ஆள் ஏறியதாக வரலாற்றில் ஒரு சம்பவம்கூட இல்லை.

நிஜத்தில் மீட்பெல்லாம் தரையில்தான்

சக்கரம் தரையைத் தொட்டதும் அவுட்ஃப்ளோ வால்வு முழுக்கத் திறந்துவிடும். அழுத்த வேறுபாடு பூஜ்யம். ஒன்பது டன் பிடித்து வைத்திருந்த கதவை இப்போது வெளியிலிருந்தே ஒரு ஆள் திறக்கலாம். அதனால் கமாண்டோக்கள் காத்திருக்கிறார்கள்.

1977 அக்டோபர் 18, சோமாலியாவின் மொகதிஷு. லுஃப்தான்சா விமானம் ஒன்றைக் கடத்தி அங்கே நிறுத்தியிருந்தார்கள். விமானத்துக்கு முன்னால் தூரத்தில் தீ மூட்டிக் கடத்தல்காரர்களின் கவனத்தைத் திருப்பிவிட்டு, ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி. 9 படை பின்பக்கமாக ஏணி வைத்து ஏறிக் கதவுகளைத் திறந்தது. சில நிமிஷங்களில் முடிந்தது, பயணிகள் 86 பேரும் பிழைத்தார்கள். உள்ளே துப்பாக்கிச் சண்டை நடந்தது. தரையில் என்பதால் அழுத்தம் பற்றிய கவலை யாருக்கும் இல்லை.

எல்லாரும் சொல்லும் எண்டபே மீட்பு, 1976 ஜூலை, உண்மையில் விமானத்துக்குள் நடந்ததே இல்லை. பணயக் கைதிகள் உகாண்டாவில் பழைய விமான நிலையக் கட்டடத்தில் இருந்தார்கள். இஸ்ரேல் படை நாலு ஹெர்குலிஸ் விமானங்களில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து போய், இறங்கி, கட்டடத்துக்குள் புகுந்து நூறு பேருக்கு மேல் மீட்டுக்கொண்டு வந்தது. ஆகாயம் வழியாகப் போனார்கள், ஆகாயத்தில் எதுவும் செய்யவில்லை.

நம் நாட்டில் 1993 ஏப்ரல். டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன ஐசி 427-ஐ ஒருவன் கடத்தினான், விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் நள்ளிரவுக்கு மேல் உள்ளே நுழைந்தார்கள், சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது, பயணிகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை வைத்து யாரும் பெரிய படம் எடுத்த மாதிரி தெரியவில்லை. தரையில் நிற்கிற விமானத்தில் என்ன கிளைமாக்ஸ் வைப்பது என்று விட்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் மாமா எழுந்து உட்கார்ந்தார். படம் எப்போதோ முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் மாப்ளே, 99-ல காண்டஹாருக்குக் கடத்திட்டுப் போன ஏரோப்ளேனும் மொதல்ல அமிர்தசரஸ்லதான எறங்குச்சு? முக்கா மணி நேரத்துக்கு மேல தரையில நின்னுச்சுல்ல? அப்ப எந்தப் பிரஷரும் இல்ல, கதவத் தொறக்கலாம்ங்கற. ஏன் தொறக்கல?"

"அதுக்கு இந்தக் குக்கர்ல பதில் இல்லீங் மாமா" என்றேன். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார்.